மூலிகைப் பொடியும் மாத்திரையும் ஒரே வயிற்றில்: பயிரிடுவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் சென்னா, மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு, சேலம், ஆத்தூர் பக்கம் மருந்துக்கூர்க்கன், ஈரோட்டில் மஞ்சள், தென்மாவட்டங்களிலும் கரூர், திண்டுக்கல் பகுதிகளிலும் முருங்கை எனத் தமிழக விவசாயிகள் நெடுங்காலமாக மருந்துக்குரிய பயிர்களை விளைவித்து வருகிறார்கள். விளைந்ததை வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுப்பதோடு பலருக்கு வேலை முடிந்துவிடும்.

சமீப ஆண்டுகளில் இது மாறியிருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இலையைக் காய வைத்து, அரைத்து, டப்பாவில் அடைத்துத் தாங்களே விற்கின்றன. முருங்கை இலைப்பொடி, சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூ டீத்தூள், மஞ்சள் மாத்திரை என்று பட்டியல் நீள்கிறது. மதிப்புக் கூட்டினால் விவசாயிக்கு நாலு காசு கூடக் கிடைக்கும். அதை வரவேற்க வேண்டும். ஆனால் அந்த டப்பாக்களில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கிறது: 'முற்றிலும் இயற்கையானது, பக்க விளைவுகள் அற்றது.'

இந்த வாசகத்தைத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த டப்பாவை வாங்குபவர் யார்? பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காலையிலும் இரவிலும் மாத்திரை போடுபவர். சிலர் இதயத்துக்கு வால்வு வைத்தவர்கள். நாம் விற்கும் பொடி அவர் வயிற்றில் அந்த மாத்திரைகளோடுதான் சேர்கிறது. செடியில் வேலை செய்யும் பொருள் இருக்கிறது என்றால், அது மற்ற மருந்தின் வேலையிலும் தலையிடக்கூடும்.

நம் மரபும் மூலிகை என்றால் ஆபத்தே இல்லை என்று சொன்னதில்லை. சேராங்கொட்டையையும் கண்வலிக்கிழங்கையும் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் கொடுப்பதில்லை. மருந்தோடு பத்தியம் சொல்வார்கள். தேனிலா, பாலிலா, வெந்நீரிலா என்று அனுபானம் சொல்வார்கள். எதோடு எது சேரலாம், எது சேரக்கூடாது என்ற கணக்குதான் அது. டப்பாவில் அடைத்து விற்கும்போது பத்தியமும் அனுபானமும் காணாமல் போய், பொடி மட்டும் மிஞ்சுகிறது.

மூன்று வழிகள்

மூலிகையும் மாத்திரையும் மூன்று வழிகளில் மோதுகின்றன.

ஒன்று, இரண்டும் ஒரே வேலையைச் செய்வது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு சர்க்கரையைக் குறைக்கும் பொடி சேர்ந்தால், சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடும்.

இரண்டு, ஒன்று செய்வதை மற்றொன்று கெடுப்பது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு, உறைவதற்கு உதவும் வைட்டமின் கே நிறைந்த கீரைப்பொடியைத் திடீரென்று கொடுப்பது இந்த வகை.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. மாத்திரையில் உள்ள மருந்து குடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, கல்லீரல் அதை எவ்வளவு வேகமாகக் கழிக்கிறது என்பதையே சில தாவரப் பொருள்கள் மாற்றிவிடும். இதற்கு நம் வீட்டு மிளகே நல்ல உதாரணம். மிளகில் உள்ள பைப்பரின் என்ற காரப்பொருள் 20 மி.கி. சேர்த்தால், மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூருவில் நடந்த ஆய்வு 1998-ல் காட்டியது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் மருந்தோடு பைப்பரினைச் சேர்த்து, 450 மி.கி.க்குப் பதில் 200 மி.கி. போதும் என்ற கணக்கில் ஒரு கூட்டு மாத்திரையே 2009-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மருத்துவர் அளவைக் குறைத்துக் கொடுக்கும்போது இது நன்மை. தெரியாமல் பைப்பரின் மாத்திரையை விழுங்கினால், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்தின் அளவு உடலில் கூடிவிடக்கூடும். ரசத்தில் போடும் மிளகு பயப்பட வேண்டிய அளவு அல்ல. சத்தாகப் பிரித்தெடுத்து அடைத்த மாத்திரை வேறு கணக்கு.

நம் பயிர்கள், அவர்கள் மாத்திரைகள்

சென்னா: நிலாவாரை, நிலவாகை என்றும் பெயர். இதன் இலையில் உள்ள சென்னோசைடு பெருங்குடலைத் தூண்டி மலத்தை இளக்குகிறது. ஓரிரு நாள் சாப்பிடுவதில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இல்லை. 'எடை குறைக்கும் டீ' என்ற பெயரில் மாதக்கணக்கில் குடிக்கும்போதுதான் ஆபத்து. வயிற்றுப்போக்கோடு உடலின் பொட்டாசியம் சத்தும் வெளியேறுகிறது. இதய நோய்க்கு டிகாக்சின் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். கால் வீக்கத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் கொடுக்கும் ஃப்யூரோசிமைடு போன்ற நீர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவைதான். மூன்றும் சேர்ந்தால் நிலைமை மோசம். மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் சென்னாவைத் தொடரக்கூடாது.

சிறுகுறிஞ்சான்: இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வந்ததே இதனால்தான். ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் குணமும் இதற்கு உண்டு. இன்சுலின் போடுபவரும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவரும் இதைச் சேர்த்துக்கொண்டால் தாழ்சர்க்கரை வரலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். வெறும் வயிற்றில் பொடியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு அதிகாலையில் களை எடுக்கவோ மருந்தடிக்கவோ போகும் விவசாயிக்கு இது கூடுதல் ஆபத்து. பாகற்காய்ச் சாற்றைத் தினமும் டம்ளர் கணக்கில் குடிப்பவர்களுக்கும் இது பொருந்தும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பொடியை நம்பி இன்சுலினை நிறுத்திவிடுவது உயிரையே பறிக்கக்கூடியது.

முருங்கை இலைப்பொடி: கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவதில் தடை எதுவும் இல்லை. பச்சை இலையில் நான்கில் மூன்று பங்கு ஈரம். நாலைந்து கிலோ இலை காய்ந்தால் ஒரு கிலோ பொடி. ஆக, ஒரு கரண்டிப் பொடி என்பது ஒரு கைப்பிடிக் கீரைக்கு மேல். இதய வால்வு வைத்தவர்கள், காலில் ரத்தம் கட்டியவர்கள் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரை அளவை முடிவு செய்கிறார். கீரையின் அளவு திடீரென்று கூடினால் அந்தக் கணக்கு மாறி, மருந்து வேலை செய்யாமல் போகும். அவர்கள் கீரையை விட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும். பொடி ஆரம்பிப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

மருந்துக்கூர்க்கன்: நெல்லைச் சந்தைகளில் விற்கும் சிறுகிழங்கின் உறவுக்காரச் செடி. உறவு என்றாலும் குணம் வேறு. இதன் கிழங்கில் உள்ள ஃபோர்ஸ்கோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். எடை குறைக்கும் மாத்திரையாக வெளிநாடுகளில் விற்கப்படுவது இந்தக் கிழங்கின் சத்துதான். ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ நேரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ப்பதும் நல்லதல்ல.

அமுக்கரா: தூக்கத்துக்கும் மனஅமைதிக்கும் என்று வாங்கப்படுகிறது. தூக்க மாத்திரையின் மயக்கத்தைக் கூட்டலாம். தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடும் என்பதால் தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர் கவனிக்க வேண்டும். கல்லீரல் பாதிப்புகளும் சில நாடுகளில் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023-ல் இதன் விற்பனையைத் தடை செய்தது. பயிரிடுவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மரபில் மருந்தாவது வேர். இலை மலிவாகக் கிடைக்கிறது என்று அதையும் அரைத்துச் சேர்க்கக்கூடாது என்பதை மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் உற்பத்தியாளர்களுக்கு வலியுறுத்தியது.

மஞ்சள்: மஞ்சள் தூளில் குர்குமின் சராசரியாக 3 சதவீதம். 95 சதவீதச் சத்து அடைத்த 500 மி.கி. மாத்திரை ஒன்று, ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். குழம்பில் யாரும் ஒருவேளைக்கு அவ்வளவு போடுவதில்லை. இப்படிப்பட்ட மாத்திரைகளால், குறிப்பாக எளிதில் உறிஞ்சப்படும்படி தயாரித்தவற்றால், சிலருக்குக் கல்லீரல் வீக்கம் ஏற்பட்டதாக இத்தாலி, ஆஸ்திரேலியா நாடுகளின் மருந்துக் கண்காணிப்பு அமைப்புகள் எச்சரித்துள்ளன. சமையல் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை இல்லை.

கண்வலி விதை: தனியாகச் சொல்ல வேண்டியது

நம் மாநில மலரான செங்காந்தள்தான் கண்வலிக்கிழங்கு. அதன் விதையில் 0.5 முதல் 0.9 சதவீதம் வரை கால்கிசின் உண்டு. கீல்வாதத்துக்கு மருத்துவர் கொடுக்கும் கால்கிசின் மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மி.கி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் விதையில் 10 முதல் 18 மாத்திரை அளவு விஷம் இருக்கிறது. கிழங்கைச் சாப்பிடும் கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். முதலில் வாந்தியும் பேதியும் வரும், ஓரிரு நாளில் உறுப்புகள் செயலிழக்கும். முறிவு மருந்து இல்லை.

முறையாக மாத்திரையாகச் சாப்பிடும்போதுகூட, கிளாரித்ரோமைசின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக்கோ, சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளோ, வெரபமில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையோ சேர்ந்தால் கால்கிசின் உடலில் தேங்கி விஷமாகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவே கண்வலி விதையையோ கிழங்கையோ மூட்டுவலிக்கென்று வீட்டில் அரைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. விதையைத் தானியத்தோடு ஒரே அறையில் வைக்க வேண்டாம். விதைக்கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். காயை உடைத்து விதை எடுப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். குழந்தை ஒரு விதையை விழுங்கினாலும் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரே கரண்டி, வேறு வேறு வீரியம்

நான் மருத்துவன் அல்ல, பயிரியல் படித்தவன். என் துறையிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரே செடியின் மருந்துப் பொருள் அளவு வயலுக்கு வயல் மாறும். ரகம், மண், மழை, பயிரின் வயது, பறித்த பருவம், வெயிலில் காய்ந்ததா நிழலில் காய்ந்ததா, எத்தனை மாதம் சாக்கில் கிடந்தது என்று எல்லாமே அதைக் கூட்டும், குறைக்கும். சென்னா இலையைப் பூக்கும் முன் பறித்தால் ஒரு தரம், முற்றவிட்டுப் பறித்தால் வேறு தரம் என்பது அதைப் பயிரிடுவோருக்குத் தெரியும்.

கம்பெனிக்காரர் மாதிரி எடுத்துப் போய் ஆய்வகத்தில் சதவீதம் பார்த்துத்தான் விலை சொல்கிறார். மருந்துத் தொழிற்சாலையில் அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார்கள். நாம் வீட்டில் அரைத்து அடைக்கும் டப்பாவுக்கு அந்தச் சோதனை இல்லை. போன மாத டப்பாவில் ஒரு கரண்டி லேசாக இருந்திருக்கும், இந்த மாத டப்பாவில் அதே ஒரு கரண்டி இரண்டு மடங்கு வீரியமாக இருக்கலாம். மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த ஏற்ற இறக்கமே ஒரு தொல்லை.

பெயர்க் குழப்பம் உயிரைப் பறிக்கும்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒத்த பெயர் கொண்ட இரண்டு சீன மூலிகைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று மருந்தில் சேர்ந்துவிட்டதே காரணம். அப்படிச் சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா இனச் செடி. அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும்.

இந்த இனத்தின் செடி நம் கரிசல் காட்டிலேயே இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளை அதுதான். பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு நாம் பறிக்கும் அதே செடி. பூச்சிவிரட்டியாக வயலில் இருக்கட்டும். வயிற்றுப்பூச்சிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். கரைசலுக்கு இலை அரைக்கும் பாத்திரத்தையும் மிக்சியையும் சமையலுக்குப் பயன்படுத்தவும் வேண்டாம்.

கரோனா காலத்தில் சீந்தில் கொடியை வீடு வீடாகக் கஷாயம் வைத்தார்கள். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவர்கள் அறிக்கை வெளியிட, ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பிறகு, மருந்துக்குரிய சீந்தில் வேறு, அதேபோல் தோன்றும் டினோஸ்போரா கிறிஸ்பா என்ற கொடி வேறு, இரண்டாவதைப் பயன்படுத்தக்கூடாது என்று அமைச்சகமே அறிவுறுத்தியது. அவுரி என்ற பெயரும் இப்படித்தான். ஒரு பக்கம் தலைமுடிச் சாயத்துக்கான நீலி, இன்னொரு பக்கம் பேதிக்குக் கொடுக்கும் சென்னா. பெயரை நம்பிப் பறிக்காமல், தாவரவியல் பெயரை வைத்து உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பு. அருகில் உள்ள வேளாண் கல்லூரி, தோட்டக்கலைத் துறை அலுவலகம், கல்லூரித் தாவரவியல் துறை ஆகியவற்றில் பூவோடு கூடிய செடியைக் காட்டிக் கேட்கலாம்.

விற்பவர் செய்ய வேண்டியவை

* 'பக்க விளைவு இல்லை', 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்ற வாசகங்களை எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.
* உணவாக விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. மருந்தாக விற்றால் சித்த மருந்து தயாரிப்பு உரிமம் தேவை. உணவுப் பதிவை வைத்துக்கொண்டு மருந்து என்று விற்க முடியாது.
* டப்பாவில் செடியின் தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயர், எந்தப் பாகம், அறுவடை மாதம், தொகுதி எண் ஆகியவற்றை அச்சிடுங்கள். புகார் வந்தால் எந்த வயல் இலை என்று கண்டுபிடிக்க இது உதவும்.
* இந்த ஒரு வரியைச் சேருங்கள்: 'சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுவோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு பயன்படுத்தவும்.'
* பூச்சிமருந்து அடித்த பயிரைக் காத்திருப்புக் காலம் முடியாமல் பறிக்க வேண்டாம். சாலையோர இலையைச் சேர்க்க வேண்டாம். ஊமத்தை போன்ற களை கலக்காமல் பறிப்பிலேயே பாருங்கள். தார்ப்பாய் விரித்து நிழலில் காய வைத்து, ஈரம் போன பிறகே மூட்டை கட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த மூட்டையை அரைக்கக்கூடாது.
* சென்னா, மருந்துக்கூர்க்கன், கண்வலி ஆகியவை வீட்டில் அரைத்துப் பொடியாக விற்கும் தொழிலுக்கு உரியவை அல்ல. அவற்றை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே கொடுங்கள்.

எச்சரிக்கை வரி போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று சிலர் தயங்குவார்கள். ஒரு ஊரில் ஒருவர் பொடி சாப்பிட்டு மயங்கி விழுந்தால், அந்தக் குழுவின் டப்பா மட்டுமல்ல, அந்த வட்டாரத்தின் டப்பாவையே யாரும் தொடமாட்டார்கள். உண்மையைச் சொல்லி விற்கும் குழுவுக்கு வாடிக்கையாளர் நிலைப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளோடு பொடி டப்பாவையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். 'திட்டுவாரோ' என்று மறைக்க வேண்டாம். சித்த மருத்துவரிடம் ஆங்கில மருந்துகளைச் சொல்லுங்கள், ஆங்கில மருத்துவரிடம் சித்த மருந்துகளைச் சொல்லுங்கள். பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே படித்த மருத்துவரிடமே கேட்கலாம்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால், மூலிகை மாத்திரை, பொடி எது சாப்பிடுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். புதிதாகப் பொடி ஆரம்பித்த பிறகு கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, அடிக்கடி மயக்கம் வந்தாலோ பொடியை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தின் பக்க விளைவுகளைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் நாடு முழுவதும் செயல்படுகிறது.

களப் பணியாளர்களுக்கு

மதிப்புக் கூட்டல் பயிற்சி நடத்தும் வேளாண், தோட்டக்கலை அலுவலர்கள், அரைப்பதையும் அடைப்பதையும் சொல்லித் தரும் நாளிலேயே இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வட்டாரச் சித்த மருத்துவ அலுவலரையும், உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் அந்த நாளில் அழைக்கலாம். குழுவில் உள்ள பெண்களிடம், உங்கள் வீட்டில் யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலை வைத்து, எந்தப் பொடி எந்த மாத்திரையோடு ஒத்துப்போகாது என்று மருத்துவரை விளக்கச் சொன்னால், யாருக்கும் மறக்காது.

நெல்லுக்கும் கத்தரிக்கும் விளைச்சலும் விலையும் பார்த்தால் போதும். மருந்துப் பயிரை விளைவிப்பவர், அது கடைசியில் யார் வயிற்றில் என்ன மாத்திரையோடு சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டியவர். இன்று வீட்டில் இருக்கும் டப்பாவை எடுத்து அதன் லேபிளை ஒருமுறை படியுங்கள். வீட்டுப் பெரியவரின் மாத்திரை அட்டையை அதன் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டும் ஒரே பையில் போகட்டும்.